கையில் காசு இல்லாவிட்டாலும் வக்கீல் உண்டு: இலவச சட்ட உதவி யாருக்கு, எப்படி, எந்த அளவுக்கு?

"வக்கீல் வைக்க நம்மகிட்ட ஏது காசு?"

வீட்டு வேலைக்குப் போகிறவரின் சம்பளப் பாக்கி, குடித்துவிட்டு வந்து அடிக்கும் கணவர், பக்கத்து நிலத்துக்காரர் நகர்த்திப் போட்ட வேலி... பிரச்சினை எதுவாக இருந்தாலும் பல வீடுகளில் பேச்சு இந்த ஒரு வரியோடு முடிந்துவிடுகிறது. எதிர்த்தரப்புக்கும் இது நன்றாகவே தெரியும். 'முடிஞ்சா கோர்ட்டுக்குப் போய்ப் பாரு' என்று தைரியமாகச் சொல்வது அதனால்தான்.

ஆனால், பணம் இல்லை என்ற காரணத்தால் ஒருவருக்கு நீதி மறுக்கப்படக் கூடாது என்று அரசியலமைப்புச் சட்டத்தின் 39ஏ பிரிவு சொல்கிறது. 1976-ல் கொண்டுவரப்பட்ட 42-வது திருத்தத்தில் சேர்க்கப்பட்ட பிரிவு இது. இதைச் செயல்படுத்த 1987-ல் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம் இயற்றப்பட்டது. அது நடைமுறைக்கு வரவே எட்டு ஆண்டுகள் ஆனது. 1995 நவம்பர் 9 அன்றுதான் அமலானது.

இன்று டெல்லியில் தேசிய ஆணைக்குழு, சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் மாநில ஆணைக்குழு, மாவட்ட நீதிமன்ற வளாகங்களில் மாவட்ட ஆணைக்குழு, அதற்குக் கீழே வட்டக் குழு என்று வலைப்பின்னல் இருக்கிறது. பெரும்பாலானோர் அந்த போர்டைக் கடந்து டீக்கடைக்குப் போயிருப்பார்கள், உள்ளே நுழைந்திருக்க மாட்டார்கள்.

பெண் என்றால் வருமானம் கேட்க மாட்டார்கள்

இந்தச் சட்டத்தின் 12-வது பிரிவுதான் யாருக்கு உதவி கிடைக்கும் என்று சொல்கிறது. இலவசம் என்றதும் பரம ஏழைகளுக்கு மட்டும் என்று நினைத்துக்கொள்கிறோம். அது தவறு.

பெண்களுக்கு வருமான வரம்பே கிடையாது. மாதம் லட்ச ரூபாய் சம்பளம் வாங்கும் ஐடி ஊழியராக இருந்தாலும், விவாகரத்து வழக்குக்கோ குடும்ப வன்முறை வழக்குக்கோ இலவச வக்கீல் கேட்கலாம். சம்பளம் கையில் வந்தாலும் ஏடிஎம் கார்டு கணவரிடம் இருக்கும் வீடுகள் எத்தனை என்று யோசித்தால், இந்த விதியில் இருக்கும் நியாயம் புரியும்.

குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள், ஆள் கடத்தலுக்கும் கொத்தடிமை வேலைக்கும் ஆளானவர்கள், வெள்ளம், வறட்சி, நிலநடுக்கம், சாதிக் கொடுமை போன்றவற்றால் பாதிக்கப்பட்டவர்கள் ஆகியோருக்கும் வருமானச் சான்று தேவையில்லை. போலீஸ் காவலிலோ சிறையிலோ இருக்கும் எவருக்கும் இது பொருந்தும். மற்றவர்களுக்குத்தான் வருமான வரம்பு. அதை மாநிலங்கள் நிர்ணயிக்கின்றன. உச்ச நீதிமன்ற வழக்குகளுக்கு ஆண்டு வருமானம் ரூ.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும்.

கிடைப்பது வக்கீல் மட்டுமல்ல. நீதிமன்றக் கட்டணம், சாட்சிகளை வரவழைக்கும் செலவு, தீர்ப்பு நகல், ஆவணங்களை மொழிபெயர்க்கும் செலவு எல்லாம் இதில் அடங்கும். ஒரே நிபந்தனை, வழக்கில் முகாந்திரம் இருக்க வேண்டும். அவதூறு வழக்கு, தேர்தல் வழக்கு போன்ற சில வகைகளுக்குப் பொதுவாக உதவி கிடைக்காது.

வெள்ளைத் தாள் போதும்

நடைமுறை அவ்வளவு சிக்கலானது அல்ல. மாவட்ட ஆணைக்குழு அலுவலகத்தில் ஒரு விண்ணப்பம் கொடுக்க வேண்டும். அச்சிட்ட படிவம் இல்லையென்றால் வெள்ளைத் தாளில் எழுதலாம். எழுதத் தெரியாதவர்கள் வாயால் சொன்னால், அங்கிருக்கும் சட்டத் தன்னார்வலர் எழுதிக்கொடுப்பார். தேசிய ஆணைக்குழுவின் இணையதளத்திலும் விண்ணப்பிக்கலாம். 15100 என்ற எண்ணை அழைத்தும் ஆலோசனை கேட்கலாம்.

விண்ணப்பத்தின் மீது 7 நாட்களுக்குள் முடிவெடுக்க வேண்டும் என்பது 2010-ல் வந்த விதி. மறுத்தால் மேல்முறையீடு உண்டு. மாவட்ட ஆணைக்குழுவின் தலைவர் மாவட்ட நீதிபதியே என்பதால், இது ஏதோ கட்சிக்காரர் வைத்திருக்கும் உதவி மையம் போன்றது அல்ல.

ஒரு பேப்பர் செய்தியில் தொடங்கியது

இந்த உரிமை தானாக வந்துவிடவில்லை. 1979 ஜனவரியில், தேசிய போலீஸ் ஆணையத்தின் உறுப்பினராக இருந்த கே.எஃப்.ருஸ்தம்ஜி, பீகார் சிறைகளில் கிடந்த விசாரணைக் கைதிகளைப் பற்றி இந்தியன் எக்ஸ்பிரஸ் நாளிதழில் எழுதினார். செய்த குற்றத்துக்கு அதிகபட்சம் எத்தனை ஆண்டு தண்டனையோ, அதைவிட அதிக காலம் விசாரணையே இல்லாமல் உள்ளே இருந்தவர்கள் அவர்கள். அதில் சில பெண்கள் எந்தக் குற்றமும் செய்யாதவர்கள். 'பாதுகாப்புக் காவல்' என்ற பெயரில் சிறையில் வைக்கப்பட்டிருந்தார்கள். அதாவது, பாதிக்கப்பட்டவரே ஜெயிலில்.

அந்தச் செய்தியைப் படித்த வழக்கறிஞர் கபிலா ஹிங்கோராணி உச்ச நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு தாக்கல் செய்தார். அந்தக் கைதிகள் யாரும் அவரைத் தேடி வரவில்லை. ஃபீஸ் கொடுக்கவும் யாரும் இல்லை. பாதிக்கப்பட்டவரோ அவரது உறவினரோதான் மனு போட முடியும் என்று இருந்த காலம் அது.

ஹுசைனாரா காத்தூன் வழக்கு என்று அறியப்படும் இந்த வழக்கில், நீதிபதி பி.என்.பகவதி இரண்டு விஷயங்களை உறுதியாகச் சொன்னார். விரைவான விசாரணை, வாழ்வுரிமையின் ஒரு பகுதி. வக்கீல் வைக்க வசதியில்லாதவருக்கு அரசு இலவசமாக வக்கீல் தர வேண்டும் என்பதும் அப்படியே. இந்த வழக்கின் தொடர்ச்சியாக விடுதலையானவர்கள் சுமார் 40,000 பேர் என்று சொல்லப்படுகிறது.

அடுத்தடுத்த தீர்ப்புகள் இதை விரிவாக்கின. குற்றம் சாட்டப்பட்டவர் முதன்முதலில் ஆஜர்படுத்தப்படும்போதே இந்த உரிமையைப் பற்றி மாஜிஸ்திரேட் அவரிடம் சொல்ல வேண்டும் என்றது 1981-ல் வந்த காத்ரி வழக்கு. 'அவர் கேட்கலையே' என்று நீதிமன்றம் சொல்லித் தப்பிக்க முடியாது என்றது 1986-ல் வந்த சுக் தாஸ் வழக்கு.

13 நாளில் தூக்கு

சரி, வக்கீல் கிடைத்துவிட்டார். பிரச்சினை முடிந்ததா? இங்கேதான் கதையே ஆரம்பிக்கிறது.

மத்தியப் பிரதேசத்தில் 2013-ல் ஒரு சிறுமி கொலை வழக்கு. குற்றம் சாட்டப்பட்ட இளைஞருக்கு வக்கீல் வைக்க வசதியில்லை. சட்ட உதவி மூலம் நியமிக்கப்பட்ட வக்கீல் வரவில்லை என்பதால், நீதிமன்றம் இன்னொருவரை நியமித்தது. அவர் நியமிக்கப்பட்ட அன்றே குற்றச்சாட்டும் பதிவானது. கட்சிக்காரரிடம் பேசவோ, வழக்குக் கட்டைப் படிக்கவோ அவருக்கு நேரமே இல்லை. 13 நாட்களில் விசாரணை முடிந்தது. தீர்ப்பு, தூக்கு.

சட்டப்படி அந்த இளைஞருக்கு 'வக்கீல் இருந்தார்'. ஆவணத்தில் எல்லாம் சரி.

2019 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இந்தத் தண்டனையை ரத்து செய்து, புதிதாக விசாரிக்க உத்தரவிட்டது. ஆயுள் அல்லது மரண தண்டனைக்கு வாய்ப்புள்ள வழக்குகளில் குறைந்தது 10 ஆண்டு அனுபவமுள்ளவரையே இப்படி நியமிக்க வேண்டும், தயாராக குறைந்தபட்சம் 7 நாள் தர வேண்டும் என்றும் சொன்னது. மறுவிசாரணையிலும் மரண தண்டனை விதிக்கப்பட்டது. உயர் நீதிமன்றம் அதையும் ரத்து செய்தது. மரபணு ஆதாரம் முறையாகச் சோதிக்கப்பட்ட பிறகு, 2024-ல் அவர் விடுவிக்கப்பட்டார். சிறைக்குப் போய் 11 ஆண்டுகள் ஓடியிருந்தன.

இலவச வக்கீல் என்றாலே 'பேருக்கு வந்து நிப்பாரு' என்ற அவநம்பிக்கை மக்களிடம் இருப்பதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. ஆணைக்குழுவின் பட்டியலில் இருக்கும் வக்கீல்களுக்கு வழக்குக்கு இவ்வளவு என்று அரசு தரும் தொகை குறைவு. அவர்களுக்குச் சொந்த வழக்குகளும் இருக்கும். இரண்டும் ஒரே நாளில் வந்தால் எதற்குப் போவார் என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை.

இதைச் சரிசெய்யத்தான் 2022-ல் தேசிய ஆணைக்குழு புது முறையைக் கொண்டுவந்தது. அரசுத் தரப்புக்கு முழுநேர அரசு வழக்கறிஞர் இருப்பது போல, குற்றம் சாட்டப்பட்ட ஏழைகளுக்கும் முழுநேர வக்கீல்கள். தலைமை, துணை, உதவி என மூன்று நிலைகளில் சம்பளத்துக்கு வேலை. தனியாக வேறு வழக்கு எடுக்கக் கூடாது. தலைமை வக்கீலுக்குக் குற்றவியல் வழக்குகளில் 10 ஆண்டு அனுபவம் வேண்டும். ஏழையின் வழக்கை ஓய்வு நேர வேலையாக இல்லாமல் முழுநேர வேலையாகப் பார்க்க ஒருவர் இருக்கிறார் என்பதே பெரிய மாற்றம்தான்.

ஜாமீன் கிடைத்தும் உள்ளே

தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, 2022 இறுதியில் இந்தியச் சிறைகளில் 5,73,220 பேர் இருந்தார்கள். அவர்களில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நான்கில் மூன்று பேருக்கு மேல், இன்னும் குற்றவாளி என்று தீர்ப்பு வராதவர்கள்.

இதில் ஒரு பிரிவினர், ஜாமீன் உத்தரவு வந்த பிறகும் வெளியே வர முடியாதவர்கள். 'இரு நபர் ஜாமீன்' என்று உத்தரவில் ஒரு வரி இருக்கும். ஊர்விட்டு ஊர் வந்து வேலை பார்த்தவருக்கு, சொத்துப் பத்திரத்தோடு கையெழுத்துப் போட இரண்டு பேர் எங்கிருந்து வருவார்கள்? 1978-லேயே மோதி ராம் என்ற வழக்கில் இதே பிரச்சினை வந்தது. ஒரு கட்டடத் தொழிலாளியிடம் ரூ.10,000-க்கு ஜாமீன் கேட்டார் மாஜிஸ்திரேட். அவருடைய சகோதரர் முன்வந்தார். சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று அதையும் ஏற்கவில்லை. இதைக் கடுமையாகக் கண்டித்த நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர், ஜாமீன் தொகையை ஆயிரம் ரூபாயாகக் குறைத்தார்.

45 ஆண்டுகள் கழித்து, 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மறுபடியும் இதற்காக உத்தரவு போட வேண்டியிருந்தது. ஜாமீன் உத்தரவு வந்து 7 நாளில் கைதி வெளியே வராவிட்டால், சிறைக் கண்காணிப்பாளர் மாவட்ட ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும். ஆணைக்குழு ஆளனுப்பி உதவ வேண்டும். ஒரு மாதம் ஆகியும் முடியவில்லை என்றால், நிபந்தனையைத் தளர்த்தலாமா என்று நீதிமன்றமே பரிசீலிக்கலாம். பணம்தான் தடை என்றால், ரூ.40,000 வரை அரசே கட்டும் மத்திய அரசுத் திட்டமும் 2023-ல் வந்தது.

சொந்தக்காரர் யாராவது இப்படி உள்ளே இருந்தால், அந்த 7 நாள் கணக்கை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

சம்பளமே வாங்காத வக்கீல்கள்

இதுவரை பார்த்தது அரசு பணம் கொடுத்து நடத்தும் உதவி. யாரிடமும் எதுவும் வாங்காமல் வாதாடும் வக்கீல்கள் வேறு ரகம். தமிழ்நாட்டில் அப்படி உடனே நினைவுக்கு வருபவர் முன்னாள் நீதிபதி கே.சந்துரு. மனித உரிமை வழக்குகளுக்கு அவர் ஃபீஸ் வாங்கியதில்லை. போலீஸ் பிடித்துச் சென்ற கணவரைத் தேடிய ஒரு பெண்ணுக்காக 1993-ல் அவர் நடத்திய வழக்கே 2021-ல் 'ஜெய் பீம்' படமானது. படம் மூன்று மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். காவலர்களின் தண்டனை குறித்த உயர் நீதிமன்றத் தீர்ப்பு வந்ததோ 2006-ல். இடைப்பட்ட 13 ஆண்டுகள், வாய்தா மேல் வாய்தா, யாராவது ஒருவர் ஃபீஸ் இல்லாமல் ஆஜராக வேண்டும். இலவசமாக வாதாடுவதில் கஷ்டமான பகுதி அதுதான்.

வசதியில்லாதவர்களுக்கும் ஒடுக்கப்பட்டவர்களுக்கும் தன் பொருளாதார நிலைக்கு உட்பட்டு இலவசமாக உதவுவது வழக்கறிஞரின் தலையாய கடமைகளில் ஒன்று என்கிறது இந்திய பார் கவுன்சிலின் 46-வது விதி. ஆனால் இத்தனை மணி நேரம், இத்தனை வழக்கு என்று எந்தக் கணக்கும் அதில் இல்லை. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில், வக்கீலாகப் பதிவு செய்யும் முன்பே 50 மணி நேரம் இலவச சட்டப் பணி செய்திருக்க வேண்டும்.

கட்டாயம் இல்லாத இங்கே, விருப்பமுள்ளவர்களை இணைக்க மத்திய அரசின் நீதித்துறை 2017-ல் 'நியாய பந்து' திட்டத்தைத் தொடங்கியது. இலவசமாக வாதாடத் தயாரான வக்கீல்கள் செயலியில் பதிவு செய்துகொள்கிறார்கள். 12-வது பிரிவின் கீழ் தகுதியுள்ளவர்கள் அதிலேயே வக்கீல் கேட்கலாம். ஆனால், முதல் சில ஆண்டுகள் ஜூனியர் வக்கீலுக்கே கைக்காசு பெரிதாக இருக்காது. பஸ் செலவுக்குக் கணக்குப் பார்க்கும் ஒருவரிடம் தியாகத்தை எதிர்பார்ப்பது சுலபமான தீர்வு, நியாயமான தீர்வு அல்ல.

வக்கீல் வரவில்லையென்றால்?

ஆணைக்குழு நியமித்த வக்கீல், கட்சிக்காரரிடம் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. 'டைப்பிங் செலவு', 'கிளார்க்குக்கு' என்று கேட்டாலும் தர வேண்டியதில்லை. விசாரணைக்கு வராமல் இருந்தாலோ, போனை எடுக்காமல் இருந்தாலோ, ஆணைக்குழுவின் செயலாளரிடம் எழுதிக் கொடுத்து வேறு வக்கீல் கேட்கலாம். செயலாளராக இருப்பவரும் ஒரு நீதிபதிதான். வழக்கு எண், நியமன உத்தரவின் நகல், வக்கீல் வராத தேதிகள் ஆகியவற்றைக் குறித்து வைத்துக்கொண்டு போனால் வேலை சுலபம். அந்த மனுவுக்கும் கட்டணம் கிடையாது.