பழைய மெட்டு, புது மேளம்! எவ்வளவு மாற்றலாம்?

அவர் பெயர் கோஜி கோண்டோ. ஜப்பான் நாட்டுக்காரர். 1984-ம் ஆண்டு 'நின்டெண்டோ' என்ற விளையாட்டுக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தார். வீடியோ விளையாட்டுகளுக்குப் பாட்டு அமைப்பது அவர் வேலை.

1986-ம் ஆண்டு 'ஜெல்டா' என்ற விளையாட்டு வெளிவர இருந்தது. விளையாட்டு தொடங்கும்போது ஒலிக்க ஒரு பாட்டு வேண்டும். "பொலேரோவைப் போட்டுவிடலாம்" என்று கோண்டோ நினைத்திருந்தார். பொலேரோ என்பது ராவெல் என்ற பிரெஞ்சு இசை மேதை 1928-ல் ஆக்கிய இசை. உலகப் புகழ் பெற்றது.

எல்லா வேலையும் முடியும் நேரம். அப்போதுதான் ஓர் உண்மை தெரிந்தது. பொலேரோவின் பதிப்புரிமை இன்னும் தீரவில்லை!

இனி என்ன செய்வது? நாள் இல்லை. புதுப்பாட்டு ஆக்க நேரம் இல்லை.

கோண்டோ கலங்கவில்லை. அதே விளையாட்டின் நடுவில் வரும் ஒரு பாட்டு அவரிடம் இருந்தது. அவரே ஆக்கியது. அதை எடுத்தார். உருமாற்றினார். ஒரே நாளில் தொடக்கப் பாட்டு தயார்!

மெட்டு பழையது. உருவம் புதியது.

இன்று உலகம் முழுவதும் ஆயிரக்கணக்கான இளைஞர்கள் இதே வேலையைச் செய்கிறார்கள். அதற்கு 'ரீமிக்ஸ்' என்று பெயர். சினிமாப் பாட்டு ரீமிக்ஸ் உங்களுக்குத் தெரியும். இது விளையாட்டுப் பாட்டு ரீமிக்ஸ்.

ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. கோண்டோ மாற்றியது தன் பாட்டை. இந்த இளைஞர்கள் மாற்றுவது பிறர் பாட்டை! அப்படியானால் எவ்வளவு மாற்றலாம்? எவ்வளவு மாற்ற வேண்டும்? இதுதான் கேள்வி.

நாலு குரல் பாட்டு

முதலில் அந்தப் பழைய பாட்டுகளைப் பற்றித் தெரிந்து கொள்ளுங்கள்.

1985-ல் வந்தது 'சூப்பர் மரியோ' விளையாட்டு. அதற்கும் கோண்டோதான் பாட்டு. அந்தக் காலத்துக் கருவியில் வாத்தியக் கோஷ்டி எல்லாம் கிடையாது. மெட்டுக்கு இரண்டு குரல். அடித்தொனிக்கு ஒரு குரல். தாளத்துக்கு ஓர் இரைச்சல். மரியோ பாட்டு இந்த நான்கில் அடங்கியது.

இடமும் குறைவு. மரியோ விளையாட்டு முழுவதும், படமும் பாட்டும் சேர்த்து, 40 கிலோபைட்தான். இன்று கைப்பேசியில் எடுக்கிற ஒரு புகைப்படமே அதைப்போலப் பல மடங்கு பெரியது!

ஆகவே பாட்டு நீளமாக இருக்க முடியாது. சிறிய பாட்டு. அது முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து வரும். விளையாடுகிறவன் அதையே நூறு தடவை கேட்பான். அவனுக்குச் சலிக்கக் கூடாது!

நல்ல வாத்தியம் இல்லை. இடம் இல்லை. மிச்சம் இருப்பது மெட்டு ஒன்றுதான். ஆகவே இசையமைப்பாளர்கள் தங்கள் திறமை முழுவதையும் மெட்டில் கொட்டினார்கள். மரியோ பாட்டை அமெரிக்க நாட்டின் காங்கிரஸ் நூலகம் 2023-ல் தன் ஒலிப்பதிவுப் பட்டியலில் சேர்த்தது. பாதுகாத்து வைக்க வேண்டிய ஒலிப்பதிவுகளின் பட்டியல் அது. அதில் இடம் பெற்ற முதல் வீடியோ விளையாட்டுப் பாட்டு இதுவே.

பழைய கள், புது மொந்தை

சிலர் இப்படி ரீமிக்ஸ் செய்கிறார்கள். பழைய பாட்டை அப்படியே எடுப்பார்கள். அடியில் ஒரு மேளத்தைச் சேர்ப்பார்கள். அல்லது பழைய 'கீ கீ' ஒலியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் பியானோ ஒலியை வைப்பார்கள். கம்ப்யூட்டரில் இது பத்து நிமிட வேலை.

இது பழைய கள்ளைப் புது மொந்தையில் ஊற்றுவது!

இதில் என்ன தவறு என்று கேட்கலாம். காரணம் இருக்கிறது. விளையாடும்போது கையும் கண்ணும் வேலை செய்கின்றன. ஆகவே ஒரே மெட்டு திரும்பத் திரும்ப வந்தாலும் சலிப்பதில்லை. விளையாட்டை எடுத்துவிட்டுப் பாட்டை மட்டும் கேட்டுப் பாருங்கள். இரண்டாவது சுற்றிலேயே கொட்டாவி வரும்! விளையாட்டு கொடுத்த விறுவிறுப்பை இப்போது பாட்டே கொடுக்க வேண்டும். அதற்குப் புதுமை வேண்டும்.

முகம் தெரியவில்லை!

வேறு சிலர் எதிர்ப்பக்கம் ஓடுகிறார்கள்.

மெட்டில் நாலு சுரத்தை மட்டும் எடுப்பார்கள். மற்றதெல்லாம் சொந்தச் சரக்கு. பாட்டு நன்றாகவே இருக்கும். ஆனால் எந்த விளையாட்டின் பாட்டு என்று கேட்டால், விளையாடி வளர்ந்தவனும் விழிப்பான்.

அப்படியானால் மரியோ பெயரை ஏன் போட வேண்டும்? சொந்தப் பெயரிலேயே பாட்டை வெளியிடலாமே! பெரிய பெயரைப் பலகையில் எழுதிக் கூட்டம் சேர்த்து, உள்ளே வேறு நாடகம் நடத்துவது போன்றது இது. கேட்க வந்தவனுக்கு ஏமாற்றம்.

நடுவர்கள் வைத்த விதி

அமெரிக்காவில் 'ஓவர்கிளாக்டு ரீமிக்ஸ்' என்று ஓர் அமைப்பு உண்டு. டேவிட் லாயிட் என்பவர் 1999-ல் தொடங்கியது. லாப நோக்கம் இல்லாதது. பல நாட்டு இளைஞர்கள் தங்கள் ரீமிக்ஸ்களை இதற்கு அனுப்புகிறார்கள். நடுவர்கள் கேட்டுப் பார்த்து, நல்லதை ஏற்பார்கள். மற்றதைத் திருப்புவார்கள்.

அவர்கள் விதியில் இரண்டு பக்கம் உண்டு.

ஒன்று: மூலப் பாட்டு அடையாளம் தெரிய வேண்டும். அதுவே ஓங்கி நிற்க வேண்டும்.

இரண்டு: செய்தவரின் உழைப்பும் தெளிவாகத் தெரிய வேண்டும். மேளம் மட்டும் சேர்த்தால் போதாது. வாத்தியத்தை மட்டும் மாற்றினால் போதாது.

இந்த அமைப்பின் கலைஞர்களைப் பெரிய கம்பெனியும் தேடி வந்தது. 'ஸ்ட்ரீட் பைட்டர்' சண்டை விளையாட்டைக் 'கேப்காம்' கம்பெனி 2008-ல் புதுப்பித்தது. அதற்குப் புது இசை கொடுத்தவர்கள் இவர்களே. ஆசைக்குச் செய்தவர்களின் பாட்டு கம்பெனியின் விளையாட்டிலேயே ஏறிவிட்டது!

நொடிக் கணக்கு

நடுவர்களுக்குச் சந்தேகம் வந்தால் கடிகாரத்தைப் பார்ப்பதும் உண்டு. பாட்டின் நீளத்தில் பாதிக்கு மேல் மூலமெட்டு இருக்கிறதா என்று நொடி நொடியாகக் கணக்குப் போடுவார்கள்.

கணக்கு நல்லதுதான். ஆனால் கணக்கு மட்டும் போதுமா?

மூன்று பையன்கள் ஒரே பாட்டை ரீமிக்ஸ் செய்வதாக வைத்துக் கொள்ளுங்கள். ஒவ்வொன்றும் 4 நிமிடம்.

முதல் பையன், முழு மெட்டையும் புல்லாங்குழலில் வாசித்தான். முதலிலிருந்து கடைசி வரை அதேதான். கடிகாரக் கணக்கில் நூற்றுக்கு நூறு! புதுமை? ஒன்றும் இல்லை.

இரண்டாவது பையன், 2 நிமிடம் மெட்டை வாசித்தான். அடுத்த 2 நிமிடம் சம்பந்தம் இல்லாத சொந்தப் பாட்டு. கணக்கில் சரிபாதி. ஆனால் கேட்கும்போது இரண்டு பாட்டைக் கத்தரித்து ஒட்டியது போல இருக்கிறது.

மூன்றாவது பையன் முதலில் மெட்டைக் காட்டினான். பிறகு அதையே மெதுவாக்கினான். துள்ளல் பாட்டு தாலாட்டு ஆயிற்று. பிறகு மெட்டின் முதல் ஆறு சுரத்தை மட்டும் பிடித்துக் கொண்டான். அதைப் படிப்படியாக மேலே ஏற்றினான். யாரும் எதிர்பாராத இடத்துக்குப் போனான். போன வழியே திரும்பி வந்து பழைய மெட்டில் இறங்கினான்.

யார் பாட்டை மறுபடி கேட்பீர்கள்? மூன்றாவது பையன் பாட்டைத்தான்!

ஏன்? அவனுடைய புதுமை பழைய மெட்டிலிருந்தே பிறந்தது. இரண்டாவது பையனின் புதுமை, மெட்டுக்குப் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தது.

ஆகவே 'எத்தனை பங்கு புதிது?' என்பதைவிடப் பெரிய கேள்வி ஒன்று உண்டு. 'அந்தப் புதுமை எங்கிருந்து வந்தது?' என்பதே அது.

சிறிய மாற்றம்கூடப் பெரிய வேலை செய்யும். மரியோ விளையாட்டில் மிச்ச நேரம் நூறுக்குக் கீழே போனால், பாட்டு வேகமாக ஓடும். மெட்டு அதேதான். வேகம் மட்டும் கூடியது. விளையாடுகிறவனுக்கு நெஞ்சு படபடக்கும்! மாற்றத்துக்கு ஒரு காரணம் இருந்தால், அது சிறியதானாலும் போதும்.

சட்டம் என்ன சொல்கிறது?

அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தில் 115-வது பிரிவு என்று ஒன்று உண்டு. ஒருவர் பாட்டை இன்னொருவர் மறுபடி பதிவு செய்து விற்பதற்கு அது வழி சொல்கிறது. கட்டணம் கட்ட வேண்டும். தன் பாணிக்கு ஏற்றபடி பாட்டை அமைத்துக் கொள்ளலாம். ஆனால் அடிப்படை மெட்டை மாற்றக் கூடாது. பாட்டின் ஆதாரத் தன்மையை மாற்றக் கூடாது. அதற்கு மேல் போக வேண்டுமானால், உரிமையாளரிடம் அனுமதி வாங்க வேண்டும்.

பாருங்கள், சட்டம் ஒரு பக்கம்தான் வேலி போடுகிறது. 'அதிகம் மாற்றாதே' என்கிறது. 'கொஞ்சமாவது உழை' என்று சட்டம் சொல்லாது. அதைக் கலைஞனின் மனசாட்சிதான் சொல்ல வேண்டும்.

ரஷ்ய நாட்டுப் பாட்டு

விளையாட்டுப் பாட்டே ஒரு ரீமிக்ஸாக இருந்த கதையும் உண்டு.

1861-ல் ரஷ்யக் கவிஞர் நெக்ராசோவ் ஒரு கவிதை எழுதினார். ஊர் ஊராகச் சரக்கு விற்கும் வியாபாரிகளின் கதை. அதிலிருந்து 'கொரோபெய்னிகி' என்ற நாட்டுப் பாட்டு பிறந்தது.

1989-ல் 'கேம்பாய்' என்ற கையடக்கக் கருவியில் 'டெட்ரிஸ்' விளையாட்டு வந்தது. மேலிருந்து விழும் கட்டைகளை அடுக்கும் விளையாட்டு. ஜப்பானியர் ஹிரோகாசு டனாகா, அந்த ரஷ்ய மெட்டைக் கேம்பாயின் நாலு குரலுக்கு ஏற்றபடி அமைத்தார். கேட்டவர்கள் மறக்கவில்லை.

1992-ல் இங்கிலாந்தில் 'டாக்டர் ஸ்பின்' என்ற பெயரில் அதே மெட்டு நடனப் பாட்டாக வந்தது. விற்பனைப் பட்டியலில் 6-வது இடத்தைப் பிடித்தது. யார் இந்த டாக்டர் ஸ்பின்? அது புனைபெயர்! பெயருக்குப் பின்னால் இருந்தவர்களில் ஒருவர், இசை நாடகங்களால் புகழ் பெற்ற ஆண்ட்ரூ லாயிட் வெப்பர்.

நாட்டுப் பாட்டு. விளையாட்டுப் பாட்டு. நடனப் பாட்டு. சட்டை மூன்று. ஆள் ஒன்று!

பரிசு யாருக்கு?

2022-ல் இன்னொரு அதிசயம் நடந்தது. அமெரிக்காவின் கிராமி பரிசு ஒரு விளையாட்டுப் பாட்டு ரீமிக்ஸுக்குக் கிடைத்தது!

1996-ல் வந்த 'கிர்பி சூப்பர் ஸ்டார்' என்ற விளையாட்டின் பாட்டு அது. 'எய்ட் பிட் பிக் பேண்ட்' என்ற ஜாஸ் கோஷ்டி வாசித்தது. பரிசு பெற்றவர்கள், அதைக் கோஷ்டிக்கு ஏற்றபடி அமைத்த சார்லி ரோசனும் ஜேக் சில்வர்மேனும்.

மெட்டு இன்னொருவருடையது. பரிசு இவர்களுக்கு. இது நியாயமா?

நியாயம்தான். அது இசை அமைப்பு வேலைக்கென்றே உள்ள பரிசு. சில குரல் பாட்டை ஒரு பெரிய கோஷ்டிக்குப் பங்கு பிரித்துக் கொடுப்பது லேசான வேலை அல்ல. பரிசு அந்த உழைப்புக்கு.

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. அந்தக் காலத்தில் விளையாட்டுப் பாட்டு ஆக்கியவர்கள் பலருக்குச் சொந்தப் பெயர் போடும் பாக்கியம்கூட இல்லை. வேறு கம்பெனி இழுத்துக் கொண்டு போய்விடுமோ என்ற பயத்தில், கம்பெனிகள் புனைபெயரைப் போட்டன. பாட்டை உலகம் பாடியது. ஆக்கியவர் யார் என்று உலகத்துக்குத் தெரியவில்லை.

ரீமிக்ஸ் செய்கிறவர்களுக்கு இது ஒரு பாடம். மூலப் பாட்டு ஆக்கியவரின் பெயரைத் தேடிப் பிடித்து எழுத வேண்டும். தம் பெயருக்கு மேலே எழுத வேண்டும்!

ஒட்டு மாங்கன்று

மாந்தோப்பில் ஒட்டுக் கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். வேர் ஒரு மரத்துடையது. ஒட்டிய கிளை வேறு. வேரை வெட்டினால் கிளை பட்டுப் போகும். கிளையே ஒட்டாவிட்டால் பழைய காய்தான் காய்க்கும். இரண்டும் சேர்ந்து ஓர் உயிரானால்தான் புதுப் பழம்.

ரீமிக்ஸும் அப்படியே.

உங்கள் வீட்டுப் பிள்ளை கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து ஒரு விளையாட்டுப் பாட்டை மாற்றிக் கொண்டிருக்கலாம். "வேலை இல்லாத வேலை" என்று திட்டாதீர்கள். இரண்டு கேள்வி மட்டும் கேளுங்கள்.

"தலைப்பைச் சொல்லாமல் போட்டால், விளையாடியவனுக்கு இது எந்தப் பாட்டு என்று தெரியுமா?"

"பழைய பாட்டில் இல்லாத எதை நீ இதில் காட்டியிருக்கிறாய்?"

இரண்டுக்கும் அவனிடம் பதில் இருந்தால், அது நல்ல ரீமிக்ஸ்.

உட்கார்ந்து நீங்களும் ஒரு தடவை கேளுங்கள்!