தெப்பக்குளத்தில் ஒரு ‘க்’

தெப்பமும் குளமும் சேர்ந்தால் தெப்பக்குளம். தெப்பத்தின் ‘ம்’ கெட்டு, அந்த இடத்தில் ‘க்’ வந்து நிற்கிறது. மதுரையில் பெயர்ப்பலகைகள் சிலவற்றில் இந்த ‘க்’ விடுபட்டு, ‘தெப்பகுளம்’ என்றே இருக்கிறது. சின்ன எழுத்துப்பிழைதானே என்று இதை ஒதுக்கிவிட முடியாது.

தமிழ் யாப்பில் அடிப்படை அசை இரண்டு: நேர், நிரை. ஒரு குறில், அடுத்து வரும் குறிலோடோ நெடிலோடோ இணைந்தால் நிரை; மற்றபடி நேர். பின்னால் வரும் ஒற்று அந்த அசையிலேயே அடங்கிவிடும்.

(திரையில்: தெப் / பக் / குளம்)

நேர், நேர், நிரை. ‘குளம்’ முழுசாக நிற்கிறது. ‘க்’கை எடுத்துவிட்டால்?

(திரையில்: தெப் / பகு / ளம்)

குளத்தின் ‘கு’ முன்சொல்லோடு போய் ஒட்டிக்கொள்கிறது. உச்சரிப்பும் கெடுகிறது. உயிரொலிகளுக்கு நடுவே தனித்து வரும் ககரம் ‘பகல்’ என்பதில் உள்ளதுபோல மெலியும். இரட்டித்தால் ‘பக்கம்’ என்பதில் உள்ளதுபோல வன்மையாகவே ஒலிக்கும். ஆக, இரு சொல் சேர்ந்த இடத்தைக் காதுக்குக் காட்டுவது அந்த ஒற்றுதான். மாட்டுத்தாவணி என்ற மதுரை இடப்பெயரில் இதே வேலையை ‘த்’ செய்கிறது: மாட் / டுத் / தா / வணி. அது இல்லையென்றால் ‘டுதா’ ஒரே அசையாகிவிடும்.

வருமொழி மெல்லினத்தில் தொடங்கினால் இந்தக் காவல் கிடைக்காது. பசுமலை என்ற ஊர்ப்பெயருக்கு அது தேவையில்லை; தானாகவே பசு / மலை என்று சரியாகப் பிரியும். நாகமலை அப்படியல்ல: நா / கம / லை. பொருள் ஓரிடத்தில் பிரிகிறது, அசை வேறிடத்தில். ஆனாலும் ‘மலை’ எல்லாருக்கும் பழகிய சொல் என்பதால் கேட்பவர் குழம்புவதில்லை.

சொற்கள் சேரும் இடத்தைக் காட்டும் இந்த உதவியை டச்சு போன்ற வேறு சில மொழிகளில் செய்வது அழுத்தம். தொகைப்பெயர்களில் பெரும்பாலும் முதற்சொல்லின் மீதே முதன்மை அழுத்தம் விழும். தமிழிலும் முதல் அசை சற்று எடுப்பாக ஒலிக்கும். ஆனால் அழுத்தம் இடம் மாறினால் சொல்லின் பொருள் மாறுவதில்லை.

அப்படியானால் இரு வகையாகப் பிரியும் தொடரை எப்படி அறிவது? தொல்காப்பியப் புணரியல் இதற்கு ஒரு நூற்பாவே வைத்திருக்கிறது. எழுத்து ஒன்றாக இருந்து பொருள் வேறுபடும் புணர்ச்சிகள், ஒலிக்கும் இசையால் வேறுபடும் என்பது அதன் கருத்து. உரையாசிரியர்கள் காட்டும் அருமையான உதாரணம் ‘செம்பொன்பதின்றொடி’. ‘செம்பொன்’ என்று நிறுத்தினால், பத்துத் தொடி எடையுள்ள பொன். ‘செம்பு’ என்று நிறுத்தி ‘ஒன்பதின்’ என்று எடுத்தால், ஒன்பது தொடி செம்பு. பொன் செம்பாகிவிட்டது, எழுத்து ஒன்றுகூட மாறவில்லை. ‘குன்றேறாமா’ இன்னொன்று: ‘குன்று ஏறா மா’ என்றால் குன்றில் ஏறாத விலங்கு, ‘குன்று ஏறு ஆமா’ என்றால் குன்றில் ஏறும் காட்டுப்பசு. இன்றைய எழுத்தில் இடைவெளி விட்டு இதைக் காட்டிவிடலாம். பேச்சில் நிறுத்தமும் குரலின் ஏற்ற இறக்கமும்தான் காட்டவேண்டும்.