குலைக்கு ஏன் இத்தனை அவசரம்?

ஆயர் தாவாரிலிருந்து சித்தியவானுக்குப் போகும் வழியில் செம்பனைக் குலைகளை ஏற்றிக்கொண்டு லோரிகள் ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். தாத்தாவும் பாட்டியும் பால் வெட்டிய ரப்பர்த் தோட்டங்கள் பலவற்றில் இன்று நிற்பது செம்பனைதான். அறுத்த குலையை 24 மணி நேரத்துக்குள் ஆலையில் சேர்த்துவிடப் பார்ப்பார்கள். வாழைத்தாரை வீட்டில் நாலைந்து நாள் தொங்கவிடுகிறோமே, செம்பனைக்கு மட்டும் ஏன் இந்த அவசரம்?

உதிர்ந்த செம்பனைப் பழம் ஒன்றை நகத்தால் கீறிப் பாருங்கள். ஆரஞ்சு நிறச் சதையிலிருந்து எண்ணெய் கசிந்து விரலெல்லாம் பிசுபிசுக்கும். அதே சதைக்குள் லைபேஸ் என்ற ஒரு பொருளும் இருக்கிறது. பழம் அடிபடாதவரை எண்ணெயும் லைபேஸும் ஒன்றையொன்று தொடாமல் தனித்தனியே இருக்கும். உயரத்திலிருந்து குலை தொப்பென்று விழுந்து பழம் நசுங்கினால் இரண்டும் கலந்துவிடும். அப்போது லைபேஸ் எண்ணெயை வெட்ட ஆரம்பித்துவிடும்.

எப்படி வெட்டும்? எண்ணெய் என்பது கொழுப்புதான். ஒரு கொழுப்பு மூலக்கூறு மூன்று பல் உள்ள முள்கரண்டி மாதிரி இருக்கும். பிடி கிளிசரால், பற்கள் மூன்றும் கொழுப்பு அமிலங்கள். லைபேஸில் ஒரு சிறு பள்ளம் உண்டு. கொழுப்பு அதில் வந்து பொருந்தியதும், ஒரு தண்ணீர் மூலக்கூறின் துணையோடு ஒரு பல் கழன்றுவிடும். லைபேஸுக்கு எந்தச் சேதமும் இல்லை. உடனே அடுத்த கொழுப்பைப் பிடிக்கப் போய்விடும். அதனால்தான் துளியளவு லைபேஸே நிறைய எண்ணெயைக் கெடுத்துவிடுகிறது. கழன்ற அமிலம் 5 விழுக்காட்டைத் தாண்டினால் கச்சா எண்ணெயின் தரம் குறைந்துவிடும்.

இப்படித் தான் மாறாமல் ஒரு வேதிவினையை விரைவாக்கும் உயிர்ப்பொருளுக்குத்தான் நொதி என்று பெயர். எண்ணெயையும் தண்ணீரையும் ஒரு போத்தலில் ஊற்றி வையுங்கள். மாதக்கணக்கில் வைத்தாலும் கொழுப்பின் பல் கழன்றதாகத் தெரியாது. லைபேஸ் இருந்தால் அதே வேலை சில மணி நேரத்தில் நடந்துவிடும்.

ஆலைக்குக் குலை வந்ததும் முதலில் பிழிய மாட்டார்கள், அவிப்பார்கள். பெரிய இரும்பு உருளைக்குள் குலைகளைத் தள்ளி, 130 டிகிரி செல்சியஸுக்கும் மேற்பட்ட நீராவியில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வேக வைப்பார்கள். லைபேஸ் ஒரு புரதம். வெந்தால் புரதத்தின் வடிவம் குலைந்துவிடும். முட்டை வெள்ளைக்கரு வெந்ததும் கெட்டியாவது இதனால்தான். வடிவம் போனால் பள்ளமும் போச்சு, வெட்டும் வேலையும் போச்சு.

ஆலை அவித்து ஒழிக்கும் லைபேஸை நம் உடம்பு தானே தயாரித்துக்கொள்கிறது. நாசி லெமாக்கில் உள்ள தேங்காய்ப் பாலையும் ரொட்டி சானாயில் உள்ள நெய்யையும் நினைத்துப் பாருங்கள். அந்தக் கொழுப்பு முழு மூலக்கூறாகக் குடல் சுவரைத் தாண்ட முடியாது. முதலில் பித்தநீர் அதைச் சின்னச் சின்னத் துளிகளாக்கும். பிறகு கணையத்திலிருந்து வரும் லைபேஸ் ஒவ்வொரு கொழுப்பிலிருந்தும் இரண்டு பற்களைக் கழற்றும். அதன் பின்தான் அது உள்ளே போகும். 37 டிகிரி உடல் சூட்டிலேயே இவ்வளவும் நடக்கிறது.

கணையத்தின் இந்த வேலையைக் காட்டிக் கொடுத்தது முயல். முயலின் கணையக் குழாய் குடலில் வெகு கீழே வந்து சேருகிறது. கொழுப்பு தின்ற முயலில், அந்த இடத்துக்குக் கீழே உள்ள நாளங்கள்தாம் கொழுப்பேறி வெள்ளையாக இருந்தன. 1840களில் பிரெஞ்சு அறிஞர் கிளோட் பெர்னார் இதைக் கவனித்து, கொழுப்பைச் செரிக்க வைப்பது கணையநீர் என்று கண்டுகொண்டார்.

ஒரு நொதிக்கு ஒரு வேலைதான். எச்சிலில் உள்ள அமைலேஸ் மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும். வெறும் சோற்றை வாயில் போட்டு நன்றாக மென்றுகொண்டே இருங்கள், இலேசாக இனிக்கும். இரைப்பையின் பெப்சின் புரதத்தை வெட்டும், எண்ணெயைத் தொடாது.

இதை வீட்டிலேயே சோதிக்கலாம். அன்னாசியில் புரதத்தை வெட்டும் புரோமிலைன் என்ற நொதிக் கலவை உண்டு. அம்மா அல்லது அப்பாவின் துணையோடு ஒரு கிண்ணத்தில் அகார்-அகார், இன்னொன்றில் ஜெலட்டின் (கடையில் மீன் ஜெலட்டின் கிடைக்கும்) கரைசலை ஊற்றுங்கள். வெதுவெதுப்பாக ஆறியதும் இரண்டிலும் பச்சை அன்னாசித் துண்டுகளைப் போட்டுக் குளிர்பெட்டியில் வையுங்கள். அகார்-அகார் உறைந்துவிடும். அது கடல்பாசியிலிருந்து எடுத்த கார்போஹைட்ரேட் வகை, புரதம் அல்ல; புரோமிலைனுக்கு அதில் வேலை இல்லை. ஜெலட்டின் புரதம். அது உறையாமல் தண்ணியாகவே கிடக்கும்.

மூன்றாவது கிண்ணத்தில் ஜெலட்டினோடு டின் அன்னாசியைப் போட்டுப் பாருங்கள். இது உறைந்துவிடும்! டின்னில் அடைக்கும்போது அன்னாசிக்கு என்ன செய்திருப்பார்கள்? செம்பனை ஆலையின் முதல் வேலை நினைவிருந்தால் விடை உங்கள் கையில்.