நெருப்புக் கண்ணிடம் நலம் விசாரிப்பது எப்படி?

இங்கிலாந்தில் ஹெமல் ஹெம்ப்ஸ்டெட் நகரை ஒட்டி பன்ஸ்ஃபீல்ட் எண்ணெய்க் கிடங்கு இருந்தது. 2005 டிசம்பர் 11, ஞாயிறு அதிகாலை. அங்கே 912ஆம் எண் தொட்டிக்குக் குழாய் வழியாக பெட்ரோல் ஏறிக்கொண்டிருந்தது. 3 மணி சுமாருக்கு அளவுமானி அசையாமல் நின்றுவிட்டது. தொட்டி மூன்றில் இரண்டு பங்கு நிறைந்திருப்பதாகவே கட்டுப்பாட்டு அறைத் திரை காட்டிக்கொண்டிருக்க, பெட்ரோல் பாட்டுக்கு ஏறிக்கொண்டே போனது. ஆபத்துக்கு உதவ வேண்டிய தனி உயர்மட்ட ஸ்விட்சும் வேலை செய்யவில்லை. 5.30 மணிக்கு மேல் தொட்டி வழிந்தது, 6.01க்கு வெடித்தது. 40 பேருக்கு மேல் காயம். விடுமுறை நாளின் விடிகாலை என்பதால் உயிர்ச்சேதம் இல்லை.

பழுதாகாத கருவி உலகத்தில் கிடையாது. பழுதானது மூன்று மணி நேரம் யாருக்கும் தெரியவில்லை என்பதுதான் பன்ஸ்ஃபீல்டின் கொடுமை. இதே சிக்கல் இன்னும் கூர்மையாக இருக்கும் இடம் ஒன்று உண்டு: சுத்திகரிப்பு ஆலைகளிலும் லாரிக்கு எண்ணெய் ஏற்றும் மேடைகளிலும் உயரத்தில் தொங்கும் ஃபிளேம் டிடெக்டர். தொட்டியின் அளவு நாள்தோறும் ஏறி இறங்கும். மானி நின்றுபோனால் சந்தேகப்பட வழியுண்டு. ஃபிளேம் டிடெக்டரோ மாட்டிய நாள் முதல் கழற்றும் நாள் வரை ஒரு நெருப்பைக்கூடப் பார்க்காமலே போகலாம். அது சும்மா இருக்கிறதா, செத்துக் கிடக்கிறதா?

இந்தக் கண் எதைப் பார்க்கிறது என்பதை முதலில் சொல்லிவிடலாம். பெட்ரோல், டீசல், எரிவாயு எது எரிந்தாலும் சூடான கார்பன் டை ஆக்சைடு உண்டாகும். அது 4.4 மைக்ரோமீட்டர் அலைநீளத்தை ஒட்டி அகச்சிவப்புக் கதிரைப் பலமாக உமிழும். சூரியனிலிருந்து வரும் அதே அலைநீளக் கதிரை நம் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு வழியிலேயே விழுங்கிவிடுகிறது. அதனால் பட்டப்பகலிலும் அந்த அலைநீளம் ஓரளவு இருட்டாகவே இருக்கும். மூன்று அலைநீளங்களை ஒப்பிட்டு, நெருப்புக்கே உரிய நடுக்கமும் இருக்கிறதா என்று பார்க்கும் கருவிகள் இப்போது பரவலாக உள்ளன. ஓர் அடிக்கு ஓர் அடி தட்டில் எரியும் ஹெப்டேனை 60 மீட்டர் தூரத்திலிருந்து கண்டுபிடிக்கும் ரகங்களும் உண்டு. ஆனால் கண்ணாடியில் ஈரமோ பனியோ படிந்தால் அகச்சிவப்புக் கண்ணின் பார்வை மங்கும். புற ஊதாக் கதிரைப் பார்க்கும் கண்ணுக்கு எண்ணெய்ப் படலம் பகை.

ஆகவே கருவி தன் கண்ணாடியைத் தானே சோதித்துக்கொள்கிறது. உள்ளிருக்கும் சிறு விளக்கு ஒளிர்ந்து, கண்ணாடி வழியே போய்த் திரும்பும் ஒளி குறைந்திருக்கிறதா என்று அளக்கிறது. அளந்ததை யாரிடம், எப்படிச் சொல்வது?

பழைய வழி 4–20 மில்லி ஆம்பியர் லூப். வழக்கமான அமைப்பில் 4 என்றால் எல்லாம் சரி, 20 என்றால் நெருப்பு, 2 என்றால் கண்ணாடி அழுக்கு, 0 என்றால் கம்பி அறுந்தது அல்லது மின்சாரம் போனது. எண்கள் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும். 'சரி' என்பதற்கே 4 மில்லி ஆம்பியர் ஓட வேண்டும் என்று வைத்தது கெட்டிக்காரத்தனம். அறுந்த கம்பி அமைதியாக இருந்து ஏமாற்ற முடியாது. ஆனால் கண்ணாடி எவ்வளவு மங்கியிருக்கிறது, உள்ளே வெப்பம் எவ்வளவு, போன வாரம் இரவில் ஏன் ஒருமுறை அலறியது என்றெல்லாம் ஓர் எண்ணால் சொல்லிவிட முடியாது.

1980களில் ரோஸ்மவுண்ட் நிறுவனம் உருவாக்கிய ஹார்ட் நெறிமுறை இதற்கு ஓர் அழகான குறுக்குவழி கண்டுபிடித்தது. அதே இரண்டு கம்பி, அதே மின்னோட்டம். அதன் மேல் அரை மில்லி ஆம்பியர் ஏறி இறங்கும் சன்னமான மின்னலை. 1200 ஹெர்ட்ஸ் என்றால் 1, 2200 ஹெர்ட்ஸ் என்றால் 0. தொலைபேசி மோடம்களிடமிருந்து வாங்கிய உத்தி இது. ஏற்றமும் இறக்கமும் ஒன்றையொன்று கழித்துக்கொள்வதால் சராசரி மின்னோட்டம் மாறாது. அலாரம் பேனல் எப்போதும்போல 4 மில்லி ஆம்பியரையே படிக்கும். இதற்கு லூப்பில் சுமார் 250 ஓம் மின்தடை வேண்டும். அது இல்லாவிட்டால் அந்த அலையை மின்வழங்கி விழுங்கிவிடும். கையடக்கக் கருவியை மாட்டிய டெக்னீஷியனுக்குக் 'கருவி கிடைக்கவில்லை' என்ற செய்திதான் மிஞ்சும். டிடெக்டரைக் கழற்றி அனுப்பும் முன் அந்த மின்தடையைத் தேடுவது நல்லது.

இன்னொரு வழி மோட்பஸ். 1979இல் மோடிகான் நிறுவனம் தன் கட்டுப்பாட்டுக் கணினிகளுக்காக உருவாக்கியது. ஆர்எஸ்-485 என்ற முறுக்கு ஜோடிக் கம்பியில், வழக்கமான கணக்கில் 32 கருவிகளை 1200 மீட்டர் வரை கோக்கலாம். வகுப்பில் ஆசிரியர் எண் சொல்லிக் கூப்பிடுவதுபோல மாஸ்டர் கணினி ஒவ்வொன்றாகக் கூப்பிடும். கூப்பிட்டது மட்டும் பதில் சொல்லும். 01 03 00 00 00 02 என்று ஒரு கேள்வி போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 1ஆம் எண்காரரே, பதிவேடுகளைப் படித்துச் சொல்லும், முதல் பதிவேட்டிலிருந்து, இரண்டு பதிவேடுகள் என்று பொருள். இறுதியில் பிழை சரிபார்க்க இரண்டு பைட்டுகள் சேரும். மொத்தம் 8 பைட் கேள்வி, 9 பைட் பதில். நொடிக்கு 9600 பிட் வேகத்தில் இந்த 17 பைட்டுகள் ஓட 20 மில்லிநொடி போதும்.

தகராறெல்லாம் அமைக்கும்போதுதான். பெட்டியிலிருந்து வரும் கருவிகள் பெரும்பாலும் ஒரே முகவரியோடு வரும். மாற்றாமல் இரண்டை மாட்டினால் இரண்டும் ஒரே நேரத்தில் 'உள்ளேன்' என்று கத்தி, மாஸ்டருக்கு இரைச்சல்தான் கேட்கும். உயரத்தில் ஏற்றும் முன் மேசையில் வைத்தே முகவரி கொடுத்துவிடுவது புத்திசாலித்தனம். வேகமும் பிழை காட்டும் பாரிட்டி பிட்டும் இரு பக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். ஏ, பி என்று குறித்த கம்பி முனைகளை எல்லா நிறுவனங்களும் ஒரே மாதிரி குறிப்பதில்லை. பதில் வராவிட்டால் மாற்றிப் போட்டுப் பார்க்கத் தயங்க வேண்டாம். 120 ஓம் மின்தடை கம்பியின் இரு கடைசிகளில் மட்டும் வேண்டும். எல்லாக் கருவியிலும் போட்டால் சமிக்ஞை சோர்ந்துவிடும். கையேட்டில் 40001 என்று எழுதியிருக்கும் பதிவேடு கம்பியில் 0 என்றுதான் போகும். இந்த ஒரு எண் வித்தியாசத்தால், கண்ணாடியின் நிலை என்று நினைத்து வேறு எதையோ திரையில் காட்டிக்கொண்டிருக்க வாய்ப்புண்டு.

எல்லாம் அமைந்தபின் கிடைக்கும் தகவல் அருமையானது. பல கருவிகளுக்குக் குறைந்தது 18 வோல்ட் வேண்டும். பேனலில் 24 வோல்ட் இருந்தாலும் நீண்ட கேபிளின் முனையில், கண்ணாடியைச் சூடாக்கும் ஹீட்டர் ஓடும் நேரத்தில், அது எவ்வளவாகச் சரிகிறது என்பதைக் கருவியே சொல்லிவிடும். சாரம் கட்ட வேண்டாம்; எரிவாயு உலவக்கூடிய இடத்தில் மூடியைத் திறக்கவும் வேண்டாம்.

இவ்வளவு சொன்னபின் அலாரத்தையும் இதே மோட்பஸ் வழியே அனுப்பிவிடலாமே, கேபிள் செலவு மிச்சம் என்று தோன்றும். வேண்டாம் என்பதே என் கட்சி. ஒரு கருவி பதில் தராவிட்டால் மாஸ்டர் 1 நொடி காத்திருந்து மூன்று முறை கேட்கும்படி அமைத்திருக்கிறார்கள் என்று வையுங்கள். அந்த ஒன்றுக்காக 3 நொடி வீண். நாலைந்து கருவிகளின் கேபிள் ஏற்கெனவே தீயில் வெந்துகொண்டிருந்தால்? சாதாரண மோட்பஸில் கடவுச்சொல் என்ற பேச்சே இல்லை. கம்பியைத் தொட்டவர் யாரும் கட்டளை எழுதலாம். அலாரம் ரிலேயிலோ 4–20 லூப்பிலோ தனிக்கம்பியில் போகட்டும். உடல்நிலை விவரம் டிஜிட்டலில் வரட்டும், கட்டளை எழுத முடியாதபடி பூட்டும் போட்டிருக்கட்டும்.

டிஜிட்டலால் சொல்ல முடியாத ஒன்றும் இருக்கிறது. பெயின்ட் அடிக்க வந்தவர் கிளாம்பைத் தளர்த்தி டிடெக்டரைச் சுவர்ப்பக்கம் திருப்பிவிட்டுப் போயிருந்தாலும், கண்ணாடி சுத்தம், மின்சாரம் சரி, வெப்பம் சரி என்றே திரையில் பச்சை எரியும். பராமரிப்பில் இருப்பவர்கள் ஆண்டுத் திட்டத்தில் சோதனை விளக்கை விட்டுவிடாதீர்கள். தீ வரக்கூடிய இடத்திலேயே நின்று விளக்கைக் காட்டுங்கள். அலாரம் பேனல் வரை வந்ததா என்று பாருங்கள். சோதனைக்காக முடக்கிவைத்த நுரை, தண்ணீர் வால்வுகளின் இணைப்பைத் திரும்ப இயக்கியாயிற்றா என்று கையெழுத்துப் போடும் முன் இன்னொருவரையும் பார்க்கச் சொல்லுங்கள்.