பறக்காத இரவுக்கிளி

உலகில் பறக்கவே முடியாத கிளி ஒன்றே ஒன்றுதான்: நியூசிலாந்தின் காகாபோ. கிளிகளிலேயே மிகக் கனமானதும் இதுதான். நன்கு கொழுத்த ஆண் பறவை 4 கிலோ வரை இருக்கும். பெண் அதைவிடச் சிறியது. பாசிப்பச்சை உடலெங்கும் மஞ்சளும் கறுப்பும் கலந்து ஓடுவதால், காட்டுத் தரையில் அசையாமல் இருந்தால் பக்கத்தில் நிற்பவருக்கும் தெரியாது. பகலில் புதரடியிலும் மரப்பொந்திலும் உறங்கிவிட்டு, இருட்டியபின் இரை தேடக் கிளம்பும்.

சிறகுகள் உண்டு. ஆனால் அவை குட்டையானவை. பறப்பதற்கான தசைகளைத் தாங்கும் மார்பெலும்பின் மேடு சிறுத்துப்போயிருக்கிறது. கால்கள் அந்தக் குறையை ஈடுசெய்கின்றன. ஓர் இரவில் நெடுந்தூரம் நடக்கும். அலகாலும் நகங்களாலும் பற்றி உயரமான மரங்களின் உச்சிவரை ஏறும். இறங்கும்போது சிறகை விரித்து விழும் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். உணவு முழுக்கத் தாவரம்தான்: இலை, வேர், பழம், விதை. இலையைச் சவைத்துச் சாற்றை மட்டும் விழுங்கி, நாரைச் செடியிலேயே தொங்கவிட்டுச் செல்வது அதன் வழக்கம். காகாபோ நடமாடும் இடத்தை அந்த நார்ச்சக்கையை வைத்தே கண்டுபிடிக்கலாம்.

மனிதர் வருவதற்குமுன் நியூசிலாந்தில் வௌவாலைத் தவிர நிலப் பாலூட்டிகள் இல்லை. காகாபோவின் பகைவர்கள் கண்ணால் தேடி வேட்டையாடும் கழுகு போன்ற பறவைகளே. அவற்றிடமிருந்து பிழைக்க இரவு வாழ்வும், பச்சை நிறமும், ஆபத்து வந்தால் அப்படியே உறைந்து நிற்கும் வழக்கமும் போதுமானவையாக இருந்தன. முதலில் குடியேறிய மாவோரிகளுடன் எலியும் நாயும் வந்தன. ஐரோப்பியருடன் பூனையும் ஸ்டோட் என்ற ஒல்லியான சிறு வேட்டை விலங்கும் வந்தன. இவை மோப்பம் பிடித்து வருபவை. காகாபோவின் உடலிலோ இனிப்பு கலந்த ஒரு வாசனை எப்போதும் வீசும். காகாபோவை மந்தமான பறவை என்று குறைசொல்வது நியாயமல்ல; இத்தகைய எதிரியை அது அதற்குமுன் சந்தித்ததே இல்லை.

இனப்பெருக்க முறை வேறெந்தக் கிளிக்கும் இல்லாதது. பருவம் வந்ததும் ஆண் பறவைகள் மலைமுகடுகளில் தனித்தனியே ஆழமற்ற குழிகளைப் பறித்து, அவற்றுக்குச் செல்லும் பாதைகளைச் சுத்தம் செய்து வைக்கின்றன. குழியில் அமர்ந்து மார்பிலுள்ள காற்றுப்பையை உப்பவைத்து எழுப்பும் தாழ்ந்த முழக்கம் பல கிலோமீட்டர் தள்ளிக் கேட்கும். இரவெல்லாம் முழங்கி, மாதக்கணக்கில் இதைத் தொடர்வதால் ஆண்கள் இளைத்துப்போகின்றன. பெண் வந்து கூடிச் சென்றபின் ஆணுக்கு வேறு வேலை இல்லை. அடைகாப்பதும் குஞ்சுகளை வளர்ப்பதும் தாய் மட்டுமே. இரை தேடப் போகும் இரவுகளில் கூடு காவலின்றிக் கிடக்கும். இனப்பெருக்கமும் ஆண்டுதோறும் நடப்பதில்லை. ரிமு மரங்கள் ஏராளமாகக் காய்க்கும் பருவத்தில்தான், இரண்டு முதல் நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை, முட்டையிடும்.

வேட்டை விலங்குகளிடமிருந்து காப்பாற்ற, 1890களில் ரிச்சர்டு ஹென்றி என்பவர் நூற்றுக்கணக்கான காகாபோக்களைப் பிடித்து ரெசல்யூஷன் தீவில் விட்டார். ஸ்டோட்கள் நீந்தியே அங்கு போய்ச் சேர்ந்தன. அந்த உழைப்பு வீணாயிற்று. 1977-இல் ஸ்டூவர்ட் தீவில் ஒரு கூட்டம் கண்டுபிடிக்கப்பட்ட பிறகே நம்பிக்கை பிறந்தது. அங்கும் பூனைகள் வேட்டையாடியதால், பறவைகள் வேட்டை விலங்குகள் இல்லாத சிறு தீவுகளுக்கு மாற்றப்பட்டன. 1995-இல் மிஞ்சியவை 51 மட்டுமே.

அந்தத் தீவுகளில் பறவைகளுக்கு உதவியாக வைத்த உணவே ஒரு கட்டத்தில் சிக்கலாயிற்று. கொழுத்த தாய்களுக்கு ஆண் குஞ்சுகளே அதிகம் பிறந்தன. எடையைப் பார்த்து உணவை அளந்து கொடுத்தபின் 2002-இல் 24 குஞ்சுகள் தேறின. இன்று ஒவ்வொரு பறவைக்கும் பெயர் உண்டு, முதுகில் வானொலிக் கருவியும் உண்டு. 2019-இல் பூஞ்சைத் தொற்றுக்குச் சில பறவைகள் பலியானாலும், அந்தப் பருவத்தில் எழுபதுக்கும் மேற்பட்ட குஞ்சுகள் தப்பிப் பிழைத்தன. 2022-இல் எண்ணிக்கை 252 ஆனது. இப்போது சிறு தீவுகளில் இடம் நெருக்கடியாகிவிட்டது. எலியும் ஸ்டோட்டும் எட்டாத பெரிய காடுகளை உருவாக்கித் தந்தால்தான் இந்தக் கிளி மனிதரின் துணையின்றி வாழ முடியும்.