வெளியே தெரியாமல் பரிசோதனை: எங்கே போவது, எதைக் கேட்பது?

பிறப்புறுப்பில் சின்னதாக ஒரு புண். வலி இல்லை, அரிப்பு இல்லை. யாரிடம் காட்டுவது என்ற யோசனையிலேயே சில வாரங்கள் ஓடிவிடுகின்றன. புண்ணும் தானாக ஆறிவிடுகிறது. தப்பித்தோம் என்று அந்த ஆள் அதை மறந்தேபோகிறார். சிபிலிஸ் என்கிற மேகநோயின் முதல் கட்டம் பலருக்கும் இப்படித்தான் கடந்துபோகிறது. ஆறியது புண் மட்டும்தான். கிருமி ரத்தத்தில் பரவி, அடுத்த சில மாதங்களில் உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் தடிப்பாக வெளிப்படலாம். சிகிச்சையே இல்லாமல் விட்டால் பல வருடம் கழித்து இதயத்தையும் மூளையையும் பதம் பார்க்கலாம்.

ஆரம்பக் கட்டத்திலேயே பிடித்துவிட்டால் இதற்குப் பெரும்பாலும் ஒரே வேளை பென்சிலின் ஊசி போதும். அரசு மருத்துவமனையில் அதற்குக் காசும் கிடையாது. அப்படியிருந்தும் ஆள் போகாததற்குக் காரணம், 'வெளியே தெரிந்துவிட்டால்?' என்ற பயம்தான். இந்தப் பயத்தை 'வெட்கப்படாதீர்கள்' என்று உபதேசம் செய்து போக்க முடியாது. ரகசியம் எங்கே காக்கப்படுகிறது, எங்கே கசிகிறது என்று தெரிந்தால் பயம் பாதி குறையும். பலரும் சந்தேகப்படுவது அரசு மருத்துவமனையை. ஆனால் கசிவு பெரும்பாலும் நம் கையில் இருக்கும் செல்போனிலிருந்துதான் தொடங்குகிறது.

எங்கே போவது?

இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலாகக் கண்டறியப்பட்டது 1986-ல், சென்னையில். 1994-ல் தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் உருவானது. அந்த நீண்ட அனுபவத்தின் பலனாக இன்று இரண்டு வாசல்கள் திறந்திருக்கின்றன.

ஒன்று, நம்பிக்கை மையம். மருத்துவர்களும் ஊழியர்களும் ஐ.சி.டி.சி. என்பார்கள். இங்கே எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் இலவசம். மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும், மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும், பல தாலுகா மருத்துவமனைகளிலும் இருக்கிறது. இன்னொன்று, சுகவாழ்வு மையம். புண், வெள்ளைப்படுதல், சீழ், எரிச்சல், அடிவயிற்று வலி என்று பால்வினைத் தொற்று சம்பந்தப்பட்ட எல்லாவற்றையும் இங்கே பார்ப்பார்கள். இரண்டில் எது உங்களுக்குச் சரி, பக்கத்தில் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லையா? 1097 என்ற இலவச எண்ணை அழைத்துக் கேட்கலாம்.

சொந்த ஊர் மருத்துவமனையில்தான் பார்க்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. தெரிந்த முகம் எதிரில் வந்துவிடும் என்று தயங்குபவர் பக்கத்து மாவட்டத்துக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். பலர் அப்படித்தான் செய்கிறார்கள்.

உள்ளே என்ன நடக்கும்?

நம்பிக்கை மையத்தில் முதலில் பேசுபவர் கவுன்சிலர். உங்களை மட்டும் அறைக்குள் அழைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு பேச வேண்டும் என்பதுதான் முறை. துணைக்கு வந்த தம்பியோ அம்மாவோ வெளியில்தான். கடைசியாக எப்போது உறவு, ஆணுறை இருந்ததா, எந்த வகை உறவு என்று நேரடியாகவே கேட்பார். உங்கள் பதிலை வைத்துத்தான் எந்தப் பரிசோதனை, எப்போது என்று முடிவாகும் என்பதால், இங்கே மறைத்தால் நஷ்டம் உங்களுக்கே. பேசி முடித்து, நீங்கள் சம்மதித்த பிறகுதான் ரத்தம் எடுப்பார்கள். குழாயில் அடையாள எண் ஒட்டப்படும்.

முடிவு பெரும்பாலும் அன்றைக்கே தெரிந்துவிடும். முதல் கிட்டில் 'நான்-ரியாக்டிவ்' என்றால் தொற்று காணப்படவில்லை என்று பொருள். 'ரியாக்டிவ்' என்று வந்தால் அதுவே தீர்ப்பு ஆகிவிடாது. வேறு இரண்டு வகைக் கிட்களில் மறுபடி பார்த்து, மூன்றிலும் ரியாக்டிவ் என்று வந்தால் மட்டுமே எச்.ஐ.வி. இருப்பதாக உறுதி செய்வார்கள். முடிவைக் கவுன்சிலர் உங்களிடம், தனியாகத்தான் சொல்வார்.

சுகவாழ்வு மையத்தில் டாக்டர் திரை மறைவில் உடலைப் பரிசோதிப்பார். பெண்கள், பெண் டாக்டரோ நர்ஸோ உடனிருக்க வேண்டும் என்று கேட்கலாம். மேகநோய்க்கு ரத்தம் எடுப்பார்கள். மற்றபடி, ஆய்வக முடிவுக்காக உங்களை அலைக்கழிக்காமல், அறிகுறியை வைத்தே அன்றைக்கே மருந்து தருவது இங்குள்ள வழக்கம். இதற்காக 7 வண்ணங்களில் மருந்துப் பொட்டலங்கள் உண்டு. சீழோ கழிவோ வடிந்தால் சாம்பல் நிறம், பிறப்புறுப்புப் புண்ணுக்கு வெள்ளை, பென்சிலின் ஒத்துக்கொள்ளாதவருக்கு நீலம், ஹெர்பிஸ் கொப்புளத்துக்குச் சிவப்பு, பெண்களின் அடிவயிற்று வலிக்கு மஞ்சள் என்று போகும். பொட்டலத்தை வாங்கும்போது நோயின் பெயரைச் சொல்லி விளக்க வேண்டியதில்லை என்பது இதில் கிடைக்கும் கூடுதல் நிம்மதி.

இந்த முறையில் ஒரு குறையும் இருக்கிறது: அறிகுறி இல்லாதவர் இதில் சிக்கமாட்டார். கிளமிடியா தொற்றிய பெண்களில் பெரும்பாலோருக்கு எந்தத் தொந்தரவும் தெரிவதில்லை. கருக்குழாய் அடைபட்டு, குழந்தை உண்டாகாமல் சிகிச்சைக்குப் போகும்போதுதான் பழைய தொற்று வெளிச்சத்துக்கு வருகிறது. அதனால் புதிய துணை அமைந்தவர், ஒன்றுக்கு மேற்பட்ட துணை உள்ளவர், துணைக்குத் தொற்று என்று தெரிந்தவர் ஆகியோர் உடம்பில் ஒன்றும் இல்லையென்றாலும் பரிசோதித்துக்கொள்வது நல்லது.

எந்தப் பரிசோதனை, எத்தனை நாளில்?

தொற்றிய மறுநாளே எந்தப் பரிசோதனையிலும் தெரியாது. கிருமியோ, அதற்கு உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருளோ கருவிக்குத் தெரியும் அளவுக்குச் சேரச் சில காலம் வேண்டும். இதைத்தான் 'விண்டோ பீரியட்' என்பார்கள். இதற்குள் வரும் 'இல்லை' என்ற முடிவை நம்பி நிம்மதியாக இருந்துவிடக் கூடாது.

எச்.ஐ.வி.: விரல் நுனி ரத்தத்தில் செய்யும் ரேபிட் கிட் என்றால், சந்தேகப்பட்ட நாளிலிருந்து 3 மாதம் கழித்து வரும் முடிவுதான் உறுதியானது. ரத்த நாளத்திலிருந்து எடுத்து ஆய்வகத்தில் செய்யும் நான்காம் தலைமுறைப் பரிசோதனைக்கு 45 நாள் போதும்.

மேகநோய்: வி.டி.ஆர்.எல். அல்லது ஆர்.பி.ஆர். என்று சீட்டில் எழுதுவார்கள். முதலில் இல்லை என்று வந்தாலும் 3 மாதம் முடிந்ததும் ஒருமுறை திரும்பப் பார்க்க வேண்டும்.

வெட்டை நோய் (கொனோரியா), கிளமிடியா: சுமார் 2 வாரத்தில் தெரியும். சிறுநீரிலோ பஞ்சுக் குச்சியில் எடுத்த மாதிரியிலோ பார்ப்பார்கள். சிறுநீர் கொடுப்பதானால் அதற்கு முன் ஒரு மணி நேரமாவது சிறுநீர் கழிக்காமல் இருந்து, முதலில் வருவதைப் பிடிக்க வேண்டும். வாய்வழி, ஆசனவழி உறவு இருந்தால் தொண்டையிலும் ஆசனவாயிலும் தனித்தனியாக மாதிரி எடுக்க வேண்டும். சிறுநீரில் அது தெரியாது.

ஹெபடைட்டிஸ் பி: ரத்தத்தில் எச்.பி.எஸ்.ஏ.ஜி. பார்ப்பார்கள். தொற்று இல்லை, தடுப்பூசியும் போட்டதில்லை என்றால் அதே கையோடு ஊசியைத் தொடங்கிவிடலாம்.

எச்.பி.வி.: ஆண்களுக்கு இதற்கென்று வழக்கமான பரிசோதனை இல்லை. பெண்கள் 30 வயதுக்கு மேல் கருப்பைவாய்ப் பரிசோதனை செய்துகொள்வது இந்தக் கிருமியால் வரும் புற்றுநோயை முன்கூட்டியே பிடிக்க உதவும்.

ஒரு விஷயத்தில் மட்டும் காத்திருக்கவே கூடாது. நேற்றோ முந்தாநாளோ நடந்த உறவில் எச்.ஐ.வி. தொற்றியிருக்கலாம் என்ற நியாயமான பயம் இருந்தால், 72 மணி நேரத்துக்குள் தடுப்பு மருந்தைத் தொடங்கி 28 நாள் சாப்பிட வேண்டும். எத்தனை சீக்கிரம் தொடங்குகிறோமோ அத்தனை பலன். ஆணுறை கிழிந்தாலும் சரி, பாலியல் வன்முறைக்கு ஆளானாலும் சரி, நேராக மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போய் இதைக் கேளுங்கள்.

ரிப்போர்ட்டில் குழப்பம் தரும் ஒரு வரி: 'ஆர்.பி.ஆர். ரியாக்டிவ், 1:32'. இரண்டாவது எண் பெரிதாக இருந்தால் நோய் பெரும்பாலும் துடிப்போடு இருக்கிறது என்று கொள்வார்கள். சிகிச்சைக்குப் பிறகு அதே பரிசோதனை 1:8 அல்லது அதற்குக் கீழே இறங்கினால் மருந்து வேலை செய்திருக்கிறது என்று பொருள். 1:2 போன்ற சிறிய எண் கர்ப்பத்திலும் வேறு சில நோய்களிலும்கூடப் பொய்யாக வரலாம் என்பதால் டி.பி.எச்.ஏ. போன்ற இன்னொரு பரிசோதனையால் உறுதி செய்வார்கள். அந்த இரண்டாவது பரிசோதனை, குணமான பிறகும் பெரும்பாலும் ஆயுள் முழுக்க 'ரியாக்டிவ்' என்றே காட்டும். அதைப் பார்த்து மறுபடி நோய் வந்துவிட்டது என்று அலற வேண்டியதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

1998-ல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கைத் தீர்த்தது. ஒருவருக்கு எச்.ஐ.வி. இருப்பது மருத்துவமனை வழியாக வெளியே தெரிந்து, நிச்சயித்த திருமணம் நின்றுபோனது. அவர் வழக்குப் போட்டார். மணமகளாக வரவிருந்த பெண்ணின் உயிரும் முக்கியம் என்று சொல்லி நீதிமன்றம் மருத்துவமனை பக்கம் நின்றது. அப்போது இதற்கென்று தனிச் சட்டம் இல்லை. இப்போது இருக்கிறது. எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம், 2017. 2018 செப்டம்பர் 10-ல் நடைமுறைக்கு வந்தது.

அதன்படி, விவரம் சொல்லி உங்கள் சம்மதம் பெறாமல் எச்.ஐ.வி. பரிசோதனை செய்யக் கூடாது. வேலை கொடுப்பதற்கு நிபந்தனையாக இந்தப் பரிசோதனையைக் கேட்கவும் கூடாது. நீதிமன்ற உத்தரவு இருந்தாலொழிய உங்கள் நிலையை வெளியிடும்படி யாரும் உங்களை வற்புறுத்த முடியாது. 20 பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் மருத்துவமனையில் புகார் அதிகாரி ஒருவர் இருக்க வேண்டும்.

துணைக்குச் சொல்வதிலும் சட்டம் வரம்பு கட்டியிருக்கிறது. நீங்களே சொல்லுங்கள் என்று முதலில் ஆலோசனை தர வேண்டும். நீங்கள் சொல்லப்போவதில்லை, துணைக்கு ஆபத்து உண்மையானது என்று தெரிந்தால், உங்களிடம் முன்கூட்டியே தெரிவித்துவிட்டுத்தான் டாக்டரோ கவுன்சிலரோ அவரிடம் நேரில் சொல்லலாம். சொன்னால் அடி உதை விழும், வீட்டைவிட்டுத் துரத்துவார்கள் என்ற பயம் ஒரு பெண்ணுக்கு இருந்தால் சொல்லக் கூடாது.

இந்தத் தனிச் சட்டம் எச்.ஐ.வி.க்கு மட்டுமே. மேகநோய்க்கும் வெட்டைக்கும் காவல், நோயாளியின் ரகசியத்தை வெளியிடக் கூடாது என்று டாக்டர்களைக் கட்டுப்படுத்தும் மருத்துவ நன்னடத்தை விதிகள்தான். 18 வயதுக்கு உட்பட்டவர் என்றால் நிலைமையே வேறு: எச்.ஐ.வி. பரிசோதனைக்குப் பெற்றோர் அல்லது காப்பாளரின் சம்மதம் வேண்டும். பாலியல் உறவு நடந்தது தெரிந்தால் போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவிக்கும் கடமையும் வந்துவிடுகிறது.

எங்கே கசிகிறது?

தனியார் லேபில் 'எஸ்.டி.டி. பேனல்' என்ற பால்வினைத் தொற்றுப் பரிசோதனைத் தொகுப்புக்கு ரத்தம் கொடுத்துவிட்டு வீட்டு நம்பரை எழுதியிருப்பார்கள். மறுநாள் ரிப்போர்ட் பி.டி.எஃப். ஆக அம்மாவின் வாட்ஸ்அப்பில் வந்து நிற்கும். வீட்டுக்கே வந்து ரத்தம் எடுப்பவர் வாசலில் நின்று பரிசோதனையின் பெயரைச் சத்தமாகப் படிப்பார். கம்பெனி இன்சூரன்ஸில் பணம் திரும்பப் பெற அனுப்பும் பில்லில் ஒவ்வொரு பரிசோதனையும் வரிசையாக அச்சாகியிருக்கும். குடும்பம் முழுக்க ஒரே ஈமெயில் கணக்கைப் பயன்படுத்தும் வீடுகளில் அந்த ஒரு கணக்கே போதும்.

இவற்றைத் தடுப்பது கஷ்டமில்லை. உங்கள் கையில் மட்டுமே இருக்கும் எண்ணைக் கொடுங்கள். 'ரிப்போர்ட்டை அனுப்ப வேண்டாம், நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்' என்று பில் போடும்போதே சொல்லுங்கள். ரத்தம் கொடுக்க லேபுக்கே போய்விடுங்கள். இன்சூரன்ஸை இதில் இழுக்க வேண்டாம். அரசு மையத்தில் செலவே இல்லை.

ரகசியத்துக்காகச் சிலர் ரத்த தானம் செய்து முடிவு தெரிந்துகொள்ளப் பார்க்கிறார்கள். தானமாக வரும் ரத்தத்தை எச்.ஐ.வி., மேகநோய் உட்படப் பலவற்றுக்கும் சோதிப்பது உண்மைதான். ஆனால் விண்டோ பீரியடில் கொடுத்த ரத்தம் சோதனையில் தப்பி, பெறுபவருக்கு நோயைக் கொண்டுபோகலாம். சந்தேகம் இருக்கும்போது தானம் வேண்டாம். அதேபோல, மாதத்தில் ஒருநாள் லாட்ஜில் ரூம் போட்டு 'மேகம், வெட்டை, சகல ரகசிய நோய்களுக்கும்' என்று நோட்டீஸ் ஒட்டுபவரிடமும், மெடிக்கல் ஷாப்பில் சொல்லி வாங்கும் நாலு மாத்திரையிலும் கிடைப்பது ரகசியம் மட்டுமே. அரைகுறை மருந்தால் வெட்டை நோய்க் கிருமி மருந்துக்கு அடங்காமல் பழகிவிடுவது உலகம் முழுக்க இன்று பெரிய கவலை.

துணைக்கும் சேர்த்து

ஒருவர் மட்டும் மருந்து சாப்பிட்டு, துணையைச் சிகிச்சைக்கு அனுப்பாமல் விட்டால் அதே தொற்று திரும்ப ஒட்டிக்கொள்ளும். எப்படிச் சொல்வது என்று தடுமாறுபவர்கள் துணையைக் கவுன்சிலர் அறைக்கே அழைத்து வந்து, அங்கே அவர் முன்னிலையில் பேசிக்கொள்ளலாம். இருவரும் ஒரே சமயத்தில் சிகிச்சை எடுத்து, முடிந்த பிறகு குறைந்தது 7 நாள் உறவைத் தவிர்த்து, வெட்டைக்கும் கிளமிடியாவுக்கும் 3 மாதத்தில் மறுபடி பரிசோதித்தால் கணக்கு தீர்ந்தது. எச்.ஐ.வி. என்று உறுதியானாலும் கூட்டு மருந்து சிகிச்சை அரசு மையங்களில் இலவசம். அதை விடாமல் சாப்பிட்டு, ரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து அப்படியே நீடித்தால், உறவு மூலம் துணைக்குப் பரவாது.

ரகசியம் என்பது ஊராரிடமிருந்து உங்களைக் காக்கத்தான். கூடப் படுப்பவரின் உடம்பும் இதில் சம்பந்தப்பட்டிருக்கிறது; அவருக்கு மட்டும் விஷயம் தெரிந்தாக வேண்டும்.