32ஆம் நாளுக்கு முன்பே

பனியன் துணியின் வெட்டு விளிம்பில் ஒரு முனையைப் பிடித்து இழுத்துப் பாருங்கள். பல்லடம் பக்கத்துத் தறியில் நெய்த துணியாக இருந்தால் துண்டின் நீளத்துக்கு ஓர் இழை வரும், அத்தோடு நிற்கும். பின்னல் துணி கண்ணி கண்ணியாகக் கோத்தது. சரியான முனை கையில் அகப்பட்டால் முழக்கணக்கில் நூல் கழன்று வந்துகொண்டே இருக்கும். திருப்பூரில் கட்டிங் மேஜையில் நிற்பவருக்கும் ஓவர்லாக் மெஷினில் உட்காருபவருக்கும் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் வீட்டில் வளர்க்கும் முயல் சினையானதும் அந்தக் கட்டிங் வேஸ்டைத்தான் அள்ளிவந்து கூண்டில் மெத்தையாகப் போடத் தோன்றுகிறது. மெத்தென்று இருக்கிறது, காசில்லாமல் கிடைக்கிறது, பருத்திதானே என்ற நம்பிக்கையும் இருக்கிறது.

பிறந்த முயல்குட்டி 40 முதல் 60 கிராம் எடை இருக்கும். உடம்பில் முடி இருக்காது, கண் திறந்திருக்காது. கால் ஒரு தீக்குச்சியைவிடக் கொஞ்சம்தான் தடிமன். பெட்டிக்குள் குட்டிகள் சூடு தேடி ஒன்றின்மேல் ஒன்று ஏறி நெளிந்துகொண்டிருக்கும். கழன்ற நூல் கணுக்காலில் ஒரு சுற்று விழுந்துவிட்டால் ஒவ்வொரு நெளிவுக்கும் இறுகும். மறுநாள் பார்த்தால் பாதம் நீலம் பாரித்து வீங்கியிருக்கும். கழுத்தில் விழுந்தால் குட்டி பிழைக்காது. தாய்க்கும் ஆபத்துதான். முயல் கையில் கிடைத்ததையெல்லாம் கடித்து மெல்லும், ஆனால் விழுங்கியதை வாந்தி எடுக்க அதன் உடலால் முடியாது. நூலும் அதோடு கலந்த லைக்ரா இழையும் குடலில் உருண்டு அடைத்துக்கொண்டால் அறுவை சிகிச்சைதான் வழி.

காங்கேயம் பக்கத்துக் கொறங்காட்டு மேய்ச்சல் நிலத்தில் காய்ந்து நிற்கும் கொழுக்கட்டைப் புல் மெத்தைக்கு அருமையான பொருள். சாண் நீளத்துக்கு நறுக்கிப் போடுங்கள். வைக்கோலும் போதும். மீதிக்குத் தாயே தன் மார்பு முடியைப் பிடுங்கி மெத்தை செய்துகொள்ளும். ஒன்றரை அடி நீளம், ஓர் அடி அகலம், அரை அடி உயரத்தில் ஒரு மரப்பெட்டியைச் சினையான 27ஆம் நாள் கூண்டுக்குள் வைத்தால் வேலை முடிந்தது.

அந்த 27ஆம் நாள் என்றைக்கு வருகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். இந்தக் கட்டுரையின் கவலையே அதுதான். ஆணையும் பெண்ணையும் ஒரே கூண்டில் விட்டு வளர்ப்பவர்களுக்கு அந்தத் தேதி தெரிய வழியே இல்லை.

மாட்டுக்கும் ஆட்டுக்கும் பருவம் வரும், வந்தால் கத்தும், நமக்குத் தெரியும். முயலின் உடல் வேறு மாதிரி. இணை சேர்ந்த பிறகுதான் அதற்குக் கருமுட்டையே வெளிவருகிறது, ஏறக்குறைய 10 மணி நேரத்தில். ஆகவே இணை சேர்த்த தேதி தெரிந்தால் குட்டி போடும் தேதியும் தெரிந்த மாதிரிதான்: 30 முதல் 32 நாள். இவ்வளவு துல்லியமாகக் கணக்குப் பார்க்க முடிகிற வளர்ப்புப் பிராணிகள் குறைவு. 33ஆம் நாள் விடிந்தும் குட்டி வரவில்லை என்றால் அது தாமதம் அல்ல, கோளாறு. வயிற்றில் உள்ள குட்டிகள் அதற்குமேல் உயிரோடு இருக்கும் வாய்ப்பு வேகமாகக் குறைகிறது. இறந்த குட்டி உள்ளேயே தங்கினால் தாய்க்குச் சீழ் பிடித்து ரத்தத்தில் விஷம் கலக்கும்.

ஒரு விதிவிலக்கு உண்டு: முயல் சினையே ஆகாமல் இருந்திருக்கலாம். முடியைப் பிடுங்கி மெத்தை கட்டும் முயலெல்லாம் சினை முயல் அல்ல. பொய்ச்சினையிலும் 16, 18 நாளில் இதே வேலையைச் செய்யும். அதையும் தேதி வைத்துத்தான் பிரித்தறிய முடியும்.

கோளாறில்லாத பிரசவம் எப்படி நடக்கும்? பெரும்பாலும் பின்னிரவில், அல்லது விடியும் வேளையில். சில நிமிடத்துக்கு ஒரு குட்டி என்று அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். தலை முதலில் வந்தாலும் பின்கால் முதலில் வந்தாலும் முயலுக்கு இரண்டும் இயல்புதான், பதற வேண்டாம். நஞ்சுக்கொடியைத் தாயே தின்று பெட்டியைச் சுத்தம் செய்துவிடும். வீட்டில் உள்ளவர்கள் எழுந்து பார்க்கும்போது புல்லுக்கடியில் ஏதோ அசையும், அவ்வளவுதான்.

கோளாறான பிரசவத்தில் சத்தமே இருக்காது. பருந்துக்கும் நாய்க்கும் இரையாகும் பிராணி என்பதால் வலியை வெளியே காட்டாமல் இருப்பது முயலின் பிறவிக் குணம். முதுகைக் குவித்துக்கொண்டு மூலையில் உட்காரும். காதைப் பின்னால் மடக்கும். பக்கத்தில் காது வைத்தால் பல்லை நறநறவென்று கடிப்பது கேட்கும். சும்மா படுத்திருக்கிறது, களைப்பாக இருக்கும் என்று நாம் நினைத்துக்கொள்வோம்.

விடிகாலையில் தொடங்கிய இந்தத் தொல்லை, லைன் வீட்டில் இருப்பவர்கள் எட்டு மணிக்குக் கிளம்பும் அவசரத்தில் கண்ணில் படாது. ஒன்றரை ஷிப்ட் பார்த்துத் திரும்பும்போது இரவு எட்டரையைத் தாண்டிவிடும். இடையில் 12 மணி நேரம். எதுவும் தின்னாமல் 12 மணி நேரம் இருந்தால் முயலின் குடல் இயக்கமே நிற்கத் தொடங்கிவிடும். பிரசவச் சிக்கலோடு குடல் நின்றுபோன சிக்கலும் சேர்ந்துகொள்ளும். ஆகவே இணை சேர்த்த 30ஆம் நாள் தொடங்கி மூன்று நாளைக்கு வீட்டில் யாராவது ஒருவர் பகலில் இரண்டு முறையாவது கூண்டைப் பார்க்க வேண்டும். லீவு போட முடியாவிட்டால் பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்லிவிட்டுப் போகலாம்.

எதைப் பார்க்க வேண்டும்? அரை மணி நேரத்துக்கு மேல் முக்கியும் குட்டி வரவில்லையா. பிறப்புறுப்பில் ரத்தமோ பச்சையும் பழுப்புமான கசிவோ தெரிகிறதா. ஒரு குட்டி பாதி வந்து நிற்கிறதா. தீனி அப்படியே கிடக்கிறதா, புழுக்கை விழவில்லையா. இதில் ஒன்று இருந்தாலும் அப்போதே கிளம்புங்கள்.

இங்கே பலரும் ஏமாறும் இடம் ஒன்று இருக்கிறது. முயலின் கருப்பை இரண்டு தனிப் பைகளாக, இரண்டு தனி வாய்களோடு அமைந்தது. ஒரு பக்கத்துக் குட்டிகள் வெளியே வந்து, மறு பக்கத்தில் ஒன்று சிக்கிக்கொள்ளலாம். பெட்டியில் நான்கு குட்டிகளைப் பார்த்து, பிரசவம் ஆகிவிட்டது என்று நிம்மதியாக இருந்துவிடுகிறோம். சில முயல்கள் ஒரு பகுதியைப் போட்டுவிட்டுப் பல மணி நேரம் கழித்து மீதியைப் போடுவதும் உண்டு. வித்தியாசம் தாயின் நடத்தையில் இருக்கிறது. புல்லைத் தின்று, தண்ணீர் குடித்து, நடமாடினால் பொறுத்திருக்கலாம். தின்னாமல் சுருண்டு கிடந்தால் உள்ளே இன்னும் ஏதோ இருக்கிறது.

சிக்கலுக்கான காரணங்களில் பாதி நம் கையால் வருபவை. முதலாவது கொழுப்பு. குழந்தைகள் ஆசையாகக் கொடுக்கும் பன், பிஸ்கட், பொரி எல்லாம் வயிற்றைச் சுற்றிக் கொழுப்பாகிப் பிறப்பு வழியை இறுக்கும். கொழுத்த முயல் கடைசி வாரத்தில் திடீரெனத் தீனியை நிறுத்தினால் அது வேறொரு நோய்க்கும் அடையாளம். உடல் தன் கொழுப்பையே எரித்து ரத்தத்தில் நஞ்சேற்றிக்கொள்ளும், மூச்சில் நகப்பூச்சு அழிக்கும் திரவத்தின் வாடை வரும், ஓரிரு நாளில், சில சமயம் சில மணி நேரத்திலேயே உயிர் போகும். இரண்டாவது பொருந்தாத ஜோடி. சந்தையில் வாங்கிய சின்ன ரகப் பெண் முயலைப் பெரிய வெள்ளை ரக ஆணோடு விட்டால், வழியைவிடக் குட்டி பெரிதாகிவிடும். ஒன்றிரண்டு குட்டி மட்டும் தரித்தாலும் இதே கதைதான், இடம் தாராளமாக இருப்பதால் அவை பெருத்துவிடும்.

மூன்றாவது வெயில். தமிழ்நாட்டில் முயலை ஆராயும் நிலையங்களில் இரண்டு எங்கே இருக்கின்றன என்று பாருங்கள். ஒன்று நீலகிரியில் சாண்டிநல்லா, இன்னொன்று கொடைக்கானல் மலையில் மன்னவனூர். இரண்டும் குளிர்ந்த மலை. நாமோ ஏப்ரல், மே மாதத்தில் 38 டிகிரியைத் தாண்டும் ஊரில், சிமெண்ட் அட்டைக் கூரைக்குக் கீழே கூண்டு வைத்திருக்கிறோம். முயலுக்கு வியர்க்காது. உடல் சூட்டைப் பெரும்பாலும் காது வழியாகத்தான் வெளியேற்றும். 30 டிகிரிக்கு மேல் அதற்குத் திணறல், 35க்கு மேல் உயிர் ஆபத்து, நிறைமாதச் சினைக்கு இன்னும் கூடுதல். கூண்டைத் தரைத்தளத்தில் நிழலுக்கு மாற்றுங்கள். ஈரச் சாக்கைச் சுற்றிலும் தொங்கவிடுங்கள். மண் சட்டியில் எப்போதும் தண்ணீர் இருக்கட்டும். தாகத்தோடு குட்டி போட்ட முயல் தன் குட்டியையே கடித்துத் தின்றுவிடுவதுண்டு. சித்திரை, வைகாசியில் குட்டி பிறக்கும்படி இணை சேர்க்காமல் இருப்பது இதையெல்லாம்விட நல்லது.

சிக்கல் வந்த பிறகு வீட்டில் செய்யும் மூன்று காரியங்கள் முயலைக் கொல்கின்றன.

பாதி வந்த குட்டியைப் பிடித்து இழுப்பது முதலாவது. கருப்பை கிழியும், வெளியே பிதுங்கும். இழுக்காதீர்கள். இரண்டாவது, கறவை மாட்டுக்குத் தெரிந்தவர் போட்டுவிடும் ஆக்சிடோசின் ஊசி. வழி அடைபட்டிருக்கும்போது அது கருப்பையைச் சுருக்கிப் பிழிந்தால் கருப்பை வெடித்துவிடும். வழி திறந்திருக்கிறதா என்று எக்ஸ்ரேயோ ஸ்கேனோ பார்த்து, தேவைப்பட்டால் கால்சியம் கொடுத்த பிறகே மருத்துவர் அதை மிகச் சிறிய அளவில் போடுவார். மூன்றாவதுதான் எனக்கு அதிகம் கவலை தருவது: மெடிக்கலில் வாங்கும் ஆன்டிபயாடிக். குழந்தைக்குக் கொடுத்து மீந்த அமாக்சிசிலின் சிரப்பில் இரண்டு சொட்டு என்று சாதாரணமாக ஊற்றிவிடுகிறோம். வாய்வழியாகக் கொடுக்கும் அமாக்சிசிலின், ஆம்பிசிலின், கிளிண்டாமைசின், லின்கோமைசின் போன்றவை முயலின் குடலில் உள்ள நல்ல கிருமிகளை அழித்து, நஞ்சு கக்கும் கிருமிகளைப் பெருக வைக்கும். கழிச்சல் எடுத்துச் சில நாளில் இறந்துபோகும். மனிதக் குழந்தைக்கு உயிர் காக்கும் மருந்து, முயலுக்கு நஞ்சு.

மருத்துவரை முயல் முக்கத் தொடங்கிய பிறகு தேடக் கூடாது. ஊரில் மாடு, ஆடு, நாய் பார்க்கும் மருத்துவர்கள் இருக்கிறார்கள். முயலுக்கு மயக்க மருந்து கொடுத்துச் சிசேரியன் செய்து பழகியவர்கள் எண்ணிக்கையில் குறைவு. கால்நடை மருத்துவக் கல்லூரி நம் மாவட்டத்திலேயே உடுமலைப்பேட்டையில் 2020 முதல் இருக்கிறது. திருப்பூரிலிருந்து ஏறக்குறைய 60 கிலோமீட்டர். 1985இல் தொடங்கிய நாமக்கல் கல்லூரி இன்னும் தொலைவு. கோவையில் தனியார் மருத்துவமனைகள் உண்டு. இணை சேர்த்த அந்த வாரமே இரண்டு மூன்று இடங்களுக்குப் போன் செய்து கேளுங்கள்: முயல் பார்ப்பீர்களா, இரவில் ஆள் இருப்பாரா, சிசேரியன் செய்ய முடியுமா, எவ்வளவு ஆகும். 1962 எண்ணில் வரும் கால்நடை மருத்துவ ஊர்தி முதலுதவிக்குக் கைகொடுக்கலாம், ஆனால் சிசேரியன் அறுவைக் கூடத்தில் செய்ய வேண்டிய வேலை.

இன்னொன்றையும் கேட்டுக்கொள்ளுங்கள். அறுவைக்கு முன்பு இரவு முழுக்கப் பட்டினி போடச் சொன்னால் அவருக்கு முயல் பழக்கமில்லை என்று அர்த்தம். நாய், பூனைக்கு அந்த முறை சரி. வாந்தியே எடுக்காத முயலுக்குப் பட்டினி தேவையில்லை, கெடுதல்.

கொண்டுபோகும்போது காதைப் பிடித்துத் தூக்காதீர்கள். மார்புக்கடியில் ஒரு கை, பின்தொடைக்கடியில் ஒரு கை. பின்கால் தொங்கினால் உதறும். அந்த உதறலிலேயே இடுப்புப் பக்கத்து முதுகெலும்பு முறிந்த முயல்கள் உண்டு. காற்றோட்டமான கூடையில் துண்டு விரித்து, கொஞ்சம் புல்லும் போட்டு, மேலே துணி மூடி எடுத்துச் செல்லுங்கள்.

பிரசவம் நல்லபடி முடிந்த பிறகும் ஒரு தவறு நடக்கிறது. தாய் பெட்டிப் பக்கமே போகவில்லை, குட்டியை ஒதுக்கிவிட்டது என்று பயந்து மாட்டுப்பாலைச் சொட்டுச் சொட்டாக ஊற்றுவது. முயல் ஒரு நாளைக்கு ஒரு முறை, அதுவும் இருட்டில், மூன்று நான்கு நிமிடம்தான் பால் கொடுக்கும். மற்ற நேரம் விலகியே இருக்கும். காலையில் குட்டியின் வயிற்றைப் பாருங்கள். உருண்டு விம்மியிருந்தால் குடித்திருக்கிறது. தோல் சுருங்கி வயிறு ஒட்டியிருந்தால்தான் உதவி தேவை. அப்போதும் முதலில் துணி சுற்றிய வெந்நீர்ப் பாட்டிலை அருகில் வைத்துக் குட்டியைச் சூடாக்க வேண்டும். குளிர்ந்த உடம்பில் பால் செரிக்காது. நம் கை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்பது வளர்ப்பு முயலுக்குப் பொருந்தாது. செத்த குட்டியை எடுத்துவிட, நூல் சிக்கியிருக்கிறதா என்று பார்க்க, தினமும் கை வைக்கத்தான் வேண்டும்.

குட்டி போட்ட அன்றைக்கே அந்தப் பெண் முயல் மறுபடி சினையாகிவிடும். ஆண் அதே கூண்டில் இருந்தால் பால் கொடுத்துக்கொண்டே அடுத்த ஈற்றைச் சுமக்கும், அடுத்த 31 நாள் கணக்கு யாருக்கும் தெரியாமல் ஓடத் தொடங்கிவிடும். கடையில் இரண்டும் பெண் என்று சொல்லிக் கொடுத்த ஜோடியில் ஒன்று நான்கு மாதத்தில் ஆணாகத் தெரியவருவதும் வழக்கம். குட்டி வேண்டாதவர்கள் மருத்துவரிடம் கருத்தடை அறுவை பற்றிக் கேளுங்கள். பெண் முயலுக்கு வயதானபின் வரும் கருப்பைப் புற்றுநோயையும் அது தடுக்கும்.

உங்கள் வீட்டில் இரண்டு முயல் ஒரே கூண்டில் இருக்கிறதா? இன்று இரவே பிரித்து வையுங்கள். கடைசியாகச் சேர்ந்திருந்த தேதி இன்றையது என்று ஓர் அட்டையில் எழுதிக் கூண்டின் கம்பியில் கட்டுங்கள். அதற்குக் கீழே 27, 30, 33ஆம் நாள்களின் தேதிகளையும், முயல் பார்க்கும் மருத்துவரின் எண்ணையும் எழுதுங்கள்.